எதிராளி பவளக்கொடி

இப்படித் தள்ளி உட்காரும்மா, வெயில் உன் மேலயே அடிக்குது. நான் பேசினா உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே? ரெண்டேகால் மணி வரைக்கும் என்னைச் சேர்ந்தவங்க யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு ஜட்ஜ் அம்மா சொல்லிட்டாங்க. நீ எங்க கேஸுல இல்ல. நீ யாரோ, நான் யாரோ. உன்கிட்ட பேசலாம்.

குறுக்கு விசாரணைன்னு சொல்றாங்களே, அதுல நான் பாதியில இருக்கேன். எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டி, "அம்மா, இதுல இருக்கிற கையெழுத்து உங்களோடதா?"ன்னு கேட்டாரு. நான் கண்ணாடியைத் தேடினேன். சுருக்குப்பையில இருந்துச்சு. எடுத்தேன், முந்தானையில துடைச்சேன், ஒரு பக்கம் துடைச்சேன், இன்னொரு பக்கம் துடைச்சேன். மாட்டிக்கிட்டு நிமிர்றதுக்குள்ள ஜட்ஜ் அம்மா கடிகாரத்தைப் பார்த்துட்டாங்க. "சாப்பாட்டுக்கு அப்புறம் தொடரலாம்"னு எழுந்து போயிட்டாங்க. கேள்வி அப்படியே நிக்குது.

தண்ணி வச்சிருக்கியா? ஒரு வாய் குடு. போதும், போதும்.

அவ்வளவு நேரம் கண்ணாடியைத் துடைச்சிருக்க வேண்டாம். வேணும்னுதான் துடைச்சேனோ என்னமோ.

அதோ ஜெராக்ஸ் கடை ஓரமா நீலச்சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவன்தான் என் மகன் சிவக்கொழுந்து. இந்தப் பக்கம் டைப் அடிக்கிற அம்மாவுக்குப் பின்னால, படிக்கட்டுல உட்கார்ந்துகிட்டு சாப்பாட்டு டப்பாவோட மல்லுக்கட்டுறாளே, அவ என் மக பவளக்கொடி. கேஸு போட்டது அவ. தீர்ப்பு வாங்கினதும் அவதான். அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னு மனு போட்டிருக்கிறது அவன். நடுவுல சாட்சி நான்.

ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணை ஒசத்தி ஒண்ணைத் தாழ்த்தி நான் வளர்க்கல, கடவுள் அறிய. கொழுந்து ஆம்பளப் பிள்ளை, பசி தாங்க மாட்டான், அவனுக்கு முதல்ல போடுவேன். அவ்வளவுதான்.

அவங்க அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. ஒண்ணும் எழுதி வைக்காம போயிட்டாரு. இருக்கிறது ஒரே வீடு. முன்னால மாவு மில்லு, பின்னால நாங்க. மில்லை வச்சது கொழுந்து. மூணு வருஷம் அவரு கை கால் விழுந்து படுத்திருந்தப்ப வச்சுப் பார்த்தவன் அவன்தான். நான் யாருகிட்ட வேணாலும் சொல்வேன், என் மகன்தான் பார்த்தான். பவளம் சனிக்கிழமை சனிக்கிழமை வருவா. அப்பாவைக் குளிப்பாட்டி, துணியெல்லாம் அலசிப் போட்டுட்டு, எனக்கு மாத்திரை வாங்கி வச்சுட்டுப் போவா. பொம்பளப் பிள்ளை, அது செய்யறதுதானே.

போன வருஷம் அவ மாமியார் வீட்டுல பாகம் பிரிச்சாங்க. அவ புருஷனுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆச்சு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா. "அண்ணா, பின்கட்டுல ஒரு அறையும் அடுப்படியும் எனக்குன்னு குடுத்துடு, நான் வேற ஒண்ணும் கேக்கல"ன்னு சொன்னா. கொழுந்து என்ன சொன்னான் தெரியுமா? "இருந்துக்கோ, யாரு வேணாங்கிறா? ஆனா எனக்குன்னு சொல்லாதே"ன்னான். அவ என் முகத்தைப் பார்த்தா. நான் என்ன சொல்றது? "அண்ணன் இரு-ன்னுதானே சொல்றான், அதுக்கு மேல என்னடி வேணும்"னேன். எழுந்து போயிட்டா. காபி ஆறிப் போச்சு.

அதுக்கப்புறம்தான் சம்மன் வந்துச்சு.

கொண்டுவந்தவர் தெய்வசிகாமணின்னு ஒருத்தர். கோர்ட்டு ஆளு. நாங்க அமீனான்னுதான் சொல்வோம். கொழுந்து மில்லு பெல்ட் அறுந்துபோச்சுன்னு சிதம்பரம் போயிருந்தான். ரெண்டு சம்மன். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. "மகன் இல்லைன்னா வீட்டுல பெரியவங்க நீங்க வாங்கலாம்மா"ன்னாரு. ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனுஷன். வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாரு, மோர் குடுத்தேன். குடிச்சுட்டு, "பதினெட்டாம் தேதி பத்தரை மணி. மகன்கிட்ட மறக்காம குடுத்துடுங்க. இது கல்யாணப் பத்திரிகை இல்லம்மா, போகாட்டி மொய்யோட முடிஞ்சு போகாது"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

குடுக்கலை.

குடுத்தா அவன் அன்னிக்கே தங்கச்சி வீட்டு வாசல்ல போய் நின்னு கத்துவான். கை நீட்டிடுவான், அவனுக்கு முன்கோபம். அண்ணன் தங்கச்சி உறவு அத்தோட போச்சு. அதனாலதான் குடுக்கலைன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிறேன். அது பொய்யும் இல்ல.

நீ நெய்வேலின்னுதானே சொன்ன? அப்ப உனக்குக் கொளஞ்சியப்பர் கோயிலைத் தெரிஞ்சிருக்கும். நமக்கு ஒருத்தர் அநியாயம் பண்ணினா, சாமி பேருக்கு ஒரு மனு எழுதி, பாதத்துல வச்சு வாங்கி, அங்க இருக்கிற வேல்ல கட்டிட்டு வருவோமே, பிராது கட்டறதுன்னு. மூணு மாசத்துக்குள்ள சாமி விசாரிச்சு முடிச்சிடும். எங்க வீட்டுல மாடு திருடு போனதுக்குக் கட்டியிருக்கோம், கிடைச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச கோர்ட்டு அதுதாம்மா.

மறுநாள் காலையில ரெண்டு சம்மனையும் மடிச்சு மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், எழுத அவ்வளவா வராது. எழுதிக் குடுக்கிறவர் ஒருத்தர்கிட்ட உட்கார்ந்தேன். என் பேரு அஞ்சலாட்சி, ஊரு, குறை எல்லாம் கேட்டாரு. வீட்டைப் பிரிக்கக் கேட்டு கேஸு போட்டிருக்கு, அது நிக்காம போகணும்னு சொன்னேன். எழுதினாரு. "எதிராளி பேரு?"ன்னாரு.

நான் சொல்லலை.

"அம்மா, எதிராளி பேரு இல்லாம சாமி யாரைப் போய் விசாரிக்கும்?"னாரு. பின்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தி "சீக்கிரம் சொல்லு ஆயா, பஸ்ஸு போயிடும்"ங்கிறா. சொன்னேன். பவளக்கொடி.

"உறவா?"

"மக."

அவரு பேனாவைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாரு. எழுதிட்டாரு. அந்தப் பிராதுக்குள்ளயே ரெண்டு சம்மனையும் வச்சு மடிச்சு, நூலைச் சுத்தி, வேல்ல கட்டிட்டு வந்துட்டேன்.

கேஸு சாமிகிட்ட போயாச்சு. அதுக்கப்புறம் இங்க வந்து நிக்கிறது சாமியை நம்பாத மாதிரி இல்லையா? ஒரே வழக்கை ரெண்டு கோர்ட்டுல நடத்துவாங்களா? நான் அப்படித்தாம்மா நினைச்சேன். இதைச் சொன்னா நீயும் சிரிப்ப. எங்க வக்கீல் குமாஸ்தா சிரிச்சாரு. அவருகிட்ட சும்மா யாரோ ஒரு அம்மா இப்படிப் பண்ணிட்டாங்களாம்னு கேட்டுப் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி பத்தரை மணிக்கு நான் பூஜை அலமாரியில விளக்கேத்தி வச்சேன். சக்கரைப் பொங்கல் வச்சேன். கொழுந்து மிளகாய் அரைச்சுக்கிட்டே, "இன்னிக்கு என்னம்மா விசேஷம்?"னு தும்மினான். அந்நேரத்துக்கு இங்க டவாலி எங்க ரெண்டு பேர் பேரையும் மூணு தடவை கூப்பிட்டிருக்காரு. பதில் சொல்ல ஆள் இல்ல. ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆகிப் போச்சு. எனக்குத் தெரியாது. நான் பொங்கல் தின்னுக்கிட்டிருந்தேன்.

இதெல்லாம் கூட சாமி மன்னிக்கும்மா. அடுத்ததைத்தான் சொல்ல வாய் வரமாட்டேங்குது.

பிராது கட்டி நாப்பதாவது நாள். பவளம் ஸ்கூட்டியில போகும்போது நாய் குறுக்க வந்து விழுந்துட்டா. வலது மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. சேதி வந்தப்ப நான் முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். கீரையோட அப்படியே உட்கார்ந்துட்டேன். நாய் வந்து விழுந்தாள்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தெரியாதா எது வந்துச்சுன்னு? எழுதிக் குடுத்தது நான். பேரு, ஊரு, உறவு எல்லாம் சொல்லி, அடையாளம் காட்டிக் குடுத்தது நான். சாமி விசாரிச்சு முடிச்சிடுச்சு.

அன்னிக்கே கோயிலுக்கு ஓடினேன். பிராதைத் திரும்ப வாங்கிக்கிறதுக்கு அங்க ராஜினாமான்னு பேரு. "அப்பா, அவ எதிராளி இல்ல, நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன், போட்ட தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கோ"ன்னு விழுந்து கும்பிட்டேன். அங்க கேள்வி இல்ல, வக்கீல் இல்ல. வாபஸ்னா வாபஸ். ஆனா உள்ள வச்ச சம்மனை எடுக்கணுமேன்னு அந்த வேல்ல தேடினேன் பாரு, ஐயோ, எத்தனை காகிதம்! எத்தனை குடும்பம் அங்க தொங்குதுங்கிற! என்னோடது எதுன்னு தெரியலை. வந்துட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனியான்னு கேக்குறியா? போகலைம்மா. எந்த முகத்தோட போறது? கேழ்வரகு மாவு அரைச்சு, பக்கத்து வீட்டு ஆளுகிட்ட குடுத்தனுப்பினேன். வந்து சொன்னாரு, "உங்க மக மாவை வாங்கி வச்சுக்கிச்சு, அம்மா வரலியான்னு மட்டும் கேட்டுச்சு"ன்னு.

எலும்பு கோணலாக் கூடிடுச்சு. பாரு, இன்னும் அந்த டப்பா மூடியைத் திறக்கலை. முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு இடது கையால திருகுறா.

அப்புறம் ஒருநாள் வீட்டை அளக்கணும்னு கோர்ட்டுல இருந்து ஒரு வக்கீல் டேப்போட வந்து நின்னாரு. அப்பத்தான் கொழுந்துக்கு விஷயமே தெரியும். "எந்தக் கேஸு? எவன் சம்மன் குடுத்தான்?"னு குதிச்சான். வந்தவர் காட்டினாரு, வாங்கிக்கிட்டதா கையெழுத்து இருக்குன்னு. "என் அம்மா வாங்கியிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாங்களா? அமீனா டீக்கடையில உட்கார்ந்து அவனே கிறுக்கிக்கிட்டு வந்திருப்பான்!"னான். நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ரசம் கொதிச்சு வழிஞ்சுது. அணைக்கலை.

என் பிள்ளை என்மேல வச்ச நம்பிக்கையைப் பாரும்மா.

அப்படியே எங்க வக்கீல் எழுதிட்டாரு. சம்மன் எங்களுக்கு வரவே இல்ல, அமீனா பொய்யா எழுதிக் குடுத்துட்டாரு, அதனால தீர்ப்பை ரத்து பண்ணி எங்க பக்கத்தையும் கேக்கணும்னு. அதுக்கு நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். படிச்சுக் காட்டுறேன்னாரு குமாஸ்தா. வேண்டாம்னுட்டேன்.

ரெண்டு மாசம் பொறுத்தேன். கும்பிடும்போதெல்லாம் அந்த அமீனா மோர் குடிச்ச சொம்புதான் கண்ணு முன்னால வருது. ஒருநாள் கொழுந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான், சொல்லிட்டேன். பிராது, சம்மன், எல்லாம். அவன் பிசைஞ்ச சோத்தைத் தட்டுலயே உதறிட்டான். அப்புறம் கேட்டான், "இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"சாமிகிட்ட சொன்னேன்."

"சாமி கூண்டுல ஏறாது. நீ வாயைத் திறக்காதே."

அவன்மேல என்ன தப்பு? அவனுக்குத் தெரியாமதானே நடந்துச்சு. வாய்தாவுக்கு வந்திருந்தா அவனும் நியாயத்தைச் சொல்லியிருப்பான். வழியை அடைச்சது நான். கையெழுத்து என்னோடதுன்னு சொல்லிட்டா மனு அந்த இடத்துலயே செத்துப் போயிடும்னு வக்கீல் முன்னாடியே சொல்லி வச்சிருக்காரு. வீட்டுக்கு நடுவுல சுவர் வரும். மில்லு ஓடுற இடத்துல. இல்லைன்னு சொன்னா, அமீனா பொய்க் கையெழுத்துப் போட்டதா ஆகிடும். அந்தா, சைக்கிள் நிறுத்துற இடத்துல தனியா நின்னு டீ குடிக்கிறாரே, அவருதான். சித்திரையோட ரிட்டயர் ஆகறாராம். காலையில என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாருக்கீங்களாம்மா?"ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கலை. திட்டியிருந்தாத் தேவலை.

காலையில இன்னொண்ணும் நடந்துச்சு. கையெழுத்தைக் கேக்கிறதுக்கு முன்னால அந்த வக்கீல், "அம்மா, இந்தத் தீர்ப்புல யார் யாருக்குப் பங்கு வந்திருக்குன்னு தெரியுமா?"ன்னு கேட்டாரு.

"என் மகளுக்கு"ன்னேன்.

"உங்களுக்கும் மூணுல ஒண்ணு. உங்க மகனுக்கு ஒண்ணு, உங்க மகளுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. அம்மாவுக்கும் பங்கு உண்டுன்னு எழுதச் சொன்னதே உங்க மகதான். இப்ப நீங்க ரத்து பண்ணச் சொல்றது உங்க பங்கையும் சேர்த்துத்தான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் கொழுந்தைப் பார்த்தேன். அவன் மேல ஓடுற ஃபேனைப் பார்த்தான். வேலைத் தொந்தரவுல சொல்ல மறந்திருப்பான். எனக்கெதுக்கும்மா பங்கு? மூணு வேளை சோறு போடறான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தா மருமககிட்ட கேப்பேன், ரெண்டு நாள்ல வாங்கிக் குடுத்துடுவா.

ஆனா பாரு, அந்தப் பிள்ளை என் பேரையும் எழுதச் சொல்லியிருக்கு. அவ கேஸு எழுதிக் குடுத்தப்ப என்னை ஒரு ஆளா நினைச்சு எழுதியிருக்கா. நான் எழுதிக் குடுத்தப்ப அவளை எப்படி எழுதினேன்னு உன்கிட்ட சொல்லிட்டேனே.

யாரும்மா நீங்க? டைப் அடிக்கிற அம்மாவா? எனக்கா? ... சரிங்க. குடுங்க.

மாத்திரையாம். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் போடறது. பவளம் எதிர் மருந்துக் கடையில முன்னாடியே வாங்கி வச்சு இந்த அம்மாகிட்ட குடுத்தனுப்பியிருக்கு. அவளும் என்கிட்ட பேசக் கூடாதோன்னு பயந்துகிட்டு. காலையில கிளம்பின அவசரத்துல நான் எடுத்து வைக்கலை. கொழுந்துக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும், பாவம்.

அவ இந்தப் பக்கம் பார்க்குறாளா? எனக்குத் தூரத்துல முகம் தெரியாது. பார்க்கலையா? ... டப்பா திறந்துட்டாளா? அப்பாடா.

மணி என்ன? ரெண்டு பத்தா?

கொழுந்து பாரேன், இந்தப் பக்கமே திரும்பி நிக்கிறான். தலையை ஆட்டுறான் பாரு, இப்படி, இப்படி. சின்ன வயசுல மருந்து வேண்டாம்னா இப்படித்தான் ஆட்டுவான். நான் கீழ ஊத்திட்டு, குடிச்சுட்டான்னு அவங்க அப்பாகிட்ட சொல்வேன். முப்பத்தெட்டு வயசாச்சு அவனுக்கு. இன்னிக்கு வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்து அவன் கேட்டதை நான் இல்லைன்னு சொன்னதில்லம்மா. ஒரு தடவை கூட இல்ல. பவளத்துக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே இல்ல. எண்ணிப் பார்க்கணும்னு கூட இதுவரைக்கும் தோணினதில்ல.

கூண்டுல நிக்கும்போது பயமே இல்லம்மா எனக்கு. ஜட்ஜ் அம்மா கேட்டா சொல்லிடுவேன். சாமி பேரைச் சொல்லித்தானே சத்தியம் வாங்கினாங்க காலையில. வீடு ரெண்டாகட்டும், மூணாகட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குன்னு ஒரு துண்டு வருதாமே, மில்லுக்கு இடம் பத்தலைன்னா அதுல வச்சுக்கட்டும், நான் தடுக்கப் போறதில்ல. அவனுக்குக் கோபம் வரும். வீட்டுக்குள்ள விடுவானோ மாட்டானோ. அதையெல்லாம் சாயங்காலம் பார்த்துக்கலாம்.

பயம் எங்கன்னா, இங்கேயிருந்து கூண்டுக்குப் போற வழியில. அவன் அந்தக் கதவுகிட்ட வந்து நிப்பான். நிச்சயம் நிப்பான். பேச மாட்டான், பேசக் கூடாதே, சும்மா பார்ப்பான். அவன் முகத்தைப் பார்த்துட்டு உள்ள போனா எனக்குப் பொய்தாம்மா வரும்.

கூப்பிடுறாங்களா? என் பேர்தானே? அஞ்சலாட்சின்னுதானே சொன்னாரு?

இரு இரு, எழுந்திருக்கறேன். உனக்கு ஒரு வேலை குடுக்கறேன்னு தப்பா நினைக்காதே. நீ நல்ல உயரமா இருக்க. என் இடது பக்கமா ஒட்டி வா, அவனுக்கும் எனக்கும் நடுவுல. கூண்டு வரைக்கும் வேண்டாம், அந்தக் கதவைத் தாண்டற வரைக்கும் போதும். உன் முந்தானையை இப்படி விரிச்சுப் பிடிச்சுக்கோ.

வந்துட்டானா? சொல்லாதே. நட.